பிச்சாவரம் சேறும் பல்லிடுக்கும்

பிச்சாவரம் கழிமுகக் காட்டில் படகுக்காரர் துடுப்பை ஆழ ஊன்றித் தள்ளும்போது அடியிலிருந்து கறுப்புச் சேறு கிளம்பும். கூடவே அழுகிய முட்டை நாற்றம். தில்லை மரமும் சுரபுன்னையும் நிற்கிற அந்தச் சேற்றில் கொஞ்ச ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அது இல்லாமலே பிழைக்கத் தெரிந்த பாக்டீரியா, கடல்நீரிலுள்ள சல்பேட்டை வைத்துக் காலம் தள்ளி ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. காலையில் பல் தேய்க்குமுன் நம் வாயில் அடிக்கிற வாடையிலும் இதே வாயு உண்டு. அங்கே அது வரும் வழி வேறு. உமிழ்நீரிலும் உதிர்ந்த செல்களிலும் இருக்கும் புரதத்தை வாய் பாக்டீரியா உடைப்பதால் வருவது.

வாயிலும் அப்படி ஒரு கழிமுகம் இருக்கிறது. ஈறு பல்லை அணைத்திருக்கும் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் 1980 முதல் இயங்கும் பல் மருத்துவக் கல்லூரியில் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு, மில்லிமீட்டர் கோடு போட்ட மழுங்கிய கம்பி அந்த ஓரத்தில் இறங்கும் குறுகுறுப்பு நினைவிருக்கலாம். கம்பி மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் நல்ல ஈறுதான். நல்ல ஈறு என்றால் காலி மனை என்று அர்த்தமில்லை.

பல் தேய்த்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரதம் பல்மேல் மெல்லிய படலமாக ஒட்டுகிறது. முதலில் குடியேறுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள். அவை ஆக்சிஜனைத் தின்று தீர்க்கத் தீர்க்க, காற்று ஆகாத கூட்டத்துக்கு உள்ளே இடம் கிடைக்கிறது. நகத்தால் சுரண்டினால் வருகிற அந்த வெள்ளை ஊத்தை வெறும் அழுக்கு மாதிரித்தான் தெரியும். 2016இல் ஜெசிகா மார்க் வெல்ச்சும் கூட்டாளிகளும் நலமானவர்களின் ஊத்தைக்கு இனவாரியாக ஒளிரும் நிறமேற்றிப் பார்த்தார்கள். அவர் இருந்தது வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வுக்கூடம். சேற்றைப் படிக்கிறவர்கள் ஊத்தையைப் படித்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. உள்ளே தெரிந்தது முள்ளம்பன்றி போன்ற ஓர் அமைப்பு. கோரினிபாக்டீரியத்தின் நீண்ட இழைகள் வெளிநோக்கிச் சிலிர்த்து நிற்க, காற்றுப்படும் நுனிகளில் சோளக்கதிரில் மணி பிடித்தாற்போல ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் ஃப்யூசோபாக்டீரியம்.

இந்தக் குடியிருப்பை யாரும் கலைக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டுப் பல் மருத்துவர் 1965இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஈறுள்ள 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி. மறுபடி தேய்த்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் போனது இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு. பல் மருத்துவமே எட்டிப் பார்க்காத 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயை அவருடைய குழு 1970 தொடங்கி 15 ஆண்டுகள் அவ்வப்போது சோதித்தது. (வைத்தியம் பார்க்காமல் அளந்துகொண்டே இருந்தார்கள் என்பது இன்று படிக்கும்போது உறுத்துகிறது.) சொத்தைப்பல் அநேகமாக இல்லை, ஊத்தையும் அது இறுகிய காறையும் எல்லோருக்கும் இருந்தன. ஆனால் 8 சதவீதம் பேருக்கு மட்டும் பல்லின் பிடிமானம் மளமளவென்று கரைந்தது. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி. பல் அசையவே இல்லை.

அந்த 11 சதவீதத்தினரின் பல்லோரம் யார் யார் குடியிருந்தார்கள் என்று மரபணுவைப் படித்துக் கணக்கெடுக்கும் வசதி 1985இல் கிடையாது.