ஒரே மாவட்டம், இரண்டு பயணம்: மலைக்காரருக்கும் சமவெளிக்காரருக்கும் வெளியூர்ச் சம்பாத்தியம் ஏன் ஒன்றாக இல்லை?

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சோடு பேருந்துக்குக் காத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் புதுச் சூட்கேஸ் வைத்திருப்பார். வழியனுப்ப அம்மா, அக்கா, மச்சான் என்று ஒரு கூட்டமே வந்திருக்கும். அவர் திருச்சிக்கோ சென்னைக்கோ போய் விமானம் ஏறுவார். இன்னொருவர் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தவர். மனைவி, பிள்ளைகள், சோற்றுப் பானை, போர்வை என எல்லாமே கூடவே இருக்கும். அந்தக் குடும்பம் குடகுக்கோ கேரளாவுக்கோ போகிறது.

இருவருமே ஊரில் பிழைப்பு போதாமல் கிளம்பியவர்கள்தான். கையில் கடன் இருப்பதும், உடம்பை நம்பிப் போவதும் இருவருக்கும் பொது. ஆனால், சில வருடங்கள் கழித்துப் பார்த்தால், ஒருவர் வீட்டில் கான்கிரீட் தளம் ஏறியிருக்கும். இன்னொருவர் அடுத்த சீசனுக்கும் அதே பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

யார் எங்கே போகிறார்கள்?

விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. சங்கராபுரம், சின்னசேலம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை எனச் சமவெளி ஒரு பக்கம். கல்வராயன்மலை இன்னொரு பக்கம். சமவெளியில் நெல், கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி. மழை பொய்த்தாலோ விலை விழுந்தாலோ, வீட்டுப் பையன் ஒருவன் துபாய், சவுதி, சிங்கப்பூர், மலேசியா என்று கிளம்புவது வழக்கம்.

இது தமிழகம் முழுவதற்கும் பொதுவான கதைதான். 2015-இல் நடத்தப்பட்ட தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. நாடுகளில் சிங்கப்பூருக்கு முதலிடம்; அதை ஒட்டியே ஐக்கிய அரபு அமீரகம்.

மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ் பேசும் மலைவாசிகள். சாமை, வரகு, மரவள்ளி, கடுக்காய் இவைதான் அங்கே வருமானம். எல்லாமே வானம் பார்த்த விவசாயம். அறுவடை முடிந்து கை காலியானதும், குடகு, சிக்கமகளூரு காபித் தோட்டங்கள், கேரளத்து மிளகுத் தோட்டங்கள், திருப்பூர், கட்டட வேலை என்று குடும்பத்தோடு இறங்குகிறார்கள். காபிப் பழம் பறிப்பு பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை. அதை ஒட்டி மிளகுப் பறிப்பு.

கிளம்பும்போதே கடன்: ஆனால், ஒரே கடனா?

வெளிநாடு போகிறவர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் போகிறார். நகையை அடகு வைப்பார்கள், இல்லையென்றால் வட்டிக்கு வாங்குவார்கள். ஒரு லட்சம் ரூபாயை 'மூணு வட்டி'க்கு வாங்கினால் மாதம் 3,000, வருடத்துக்கு 36,000 ரூபாய் வட்டி மட்டுமே போகும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அவ்வளவுதான். நடைமுறையில், நடுவே நிற்கும் துணை ஏஜென்ட்டுகள் கேட்பது அதைவிடப் பல மடங்கு.

சுமை பெரியதுதான். ஆனால், அந்தக் கடன் ஊரில் வாங்கிய கடன். கடன் கொடுத்தவர் ஒருவர், வேலை கொடுப்பவர் வேறொருவர். சம்பளம் வந்தால் அடைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

மலையில் கதை வேறு. அங்கே கடனும் வேலையும் ஒரே கையிலிருந்து வருகின்றன. மேஸ்திரி வீடு தேடி வந்து 'அட்வான்ஸ்' கொடுப்பார். கல்யாணம், சாவு, வைத்தியம், பண்டிகை என அந்தப் பணம் கிளம்பும் முன்பே செலவாகிவிடும். பிறகு, பறிக்கும் கிலோ கணக்கில் கூலி எழுதப்படும். சாப்பாட்டுச் செலவு, போக்குவரத்து, அட்வான்ஸ் எல்லாம் அதில் கழியும். நோட்டு மேஸ்திரியிடம் இருக்கும். சீசன் முடியும்போது 'இன்னும் பாக்கி இருக்கு' என்றால், அடுத்த வருடமும் அதே மேஸ்திரியோடுதான் போயாக வேண்டும்.

1976-இல் முடிந்ததா?

கல்வராயன்மலைக்கு இது புதிதல்ல. இந்த மலை மூன்று ஜாகீர்களின் பிடியில் இருந்தது. மக்கள் ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 1976-இல்தான் அந்த ஆதிக்கம் முடிவுக்கு வந்து, மலை அரசின் கைக்கு வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-இல்.

அந்தச் சட்டம் சொல்வது எளிது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் தடுத்தாலோ, குறைந்தபட்சக் கூலி தராவிட்டாலோ அது கொத்தடிமை முறை. அந்தக் கடன் செல்லாது. சங்கிலி போட்டுக் கட்டி வைத்தால்தான் கொத்தடிமை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நோட்டும் ஒரு பாக்கித் தொகையும் போதும். எல்லா மேஸ்திரியும் அப்படி நடக்கிறார்கள் என்பதல்ல. நியாயமாகக் கணக்கு முடிப்பவர்களும் உண்டு. ஆனால், கணக்கு நியாயமா என்று சரிபார்க்கும் வழி தொழிலாளியின் கையில் இல்லை.

சம்பளம் எப்படி வருகிறது?

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2009 முதல் ஊதியப் பாதுகாப்பு முறை இருக்கிறது. சம்பளம் வங்கி வழியாகப் போக வேண்டும். நிறுத்தினால் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்துக்குத் தெரியும். சிங்கப்பூரில் வேலை விபத்து இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். இவை எல்லாம் குறையில்லாமல் நடக்கின்றன என்று சொல்ல முடியாது. சம்பள பாக்கியோடு திரும்பியவர்கள் ஏராளம். இருந்தாலும், காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கிறது, கேட்பதற்கு ஒரு தூதரகம் இருக்கிறது.

மலைக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஒப்பந்தக் கடிதம் கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை மூவரும் பறித்தாலும் கணக்கு ஒரே பெயரில். மாதாமாதம் ஊருக்கு அனுப்புவதற்கும் எதுவும் இருக்காது. சீசன் முடிவில் மிஞ்சுவதுதான் கையில்.

இங்கேதான் இரண்டு குடும்பங்களும் பிரிகின்றன. துபாயிலிருந்து மாதாமாதம் வரும் பணம் வங்கிக் கணக்கில் தடம் பதிக்கிறது. அதைக் காட்டி நகைக் கடனோ வீட்டுக் கடனோ வாங்கலாம். மேஸ்திரி கையிலிருந்து வரும் பணத்துக்குத் தடமே இல்லை.

பிள்ளைகள் எங்கே?

சமவெளியில் அப்பா போகிறார், பிள்ளை ஊரில் படிக்கிறது. அப்பா இல்லாத வருத்தம் உண்டு. ஆனால் பள்ளி நிற்பதில்லை. மலையில் குடும்பமே பெயர்வதால், டிசம்பரில் கிளம்பும் பிள்ளை மார்ச் தேர்வுக்குள் திரும்புமா என்பதே கேள்வி. மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளையை விடுதியில் விட்டுப் போக முடிந்த குடும்பங்களில் படிப்பு தொடர்கிறது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் தேவைப்படும் வீட்டில், முதலில் நிற்பது அவள் படிப்புதான்.

இதன் விளைவு அடுத்த தலைமுறையில் தெரியும். பத்தாம் வகுப்பு முடித்தவருக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். முடிக்காதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, அரசின் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். பிறப்புச் சான்றிதழே இல்லாத மலைக் குடும்பத்துக்கு பாஸ்போர்ட் என்பது அதற்கும் அப்பால்.

உயிர் போனால்?

அந்த 18 நாடுகளுக்கு அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளிக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய்.

மலையிலிருந்து போனவர்களின் கதையில் இரண்டு தேதிகள் மறக்க முடியாதவை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் வனப்பகுதியில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அனைவரும் தமிழர்கள், பலர் பழங்குடியினர். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்கள் இதே கல்வராயன் மலைத்தொடரின் சேலம் மாவட்டப் பகுதியான கருமந்துறையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். வேலைக்கென்று அழைக்கும் ஆள் யார், எந்த வேலை என்பதற்கு எழுத்து இல்லாத இடத்தில், 'மரம் வெட்டணும், நல்ல கூலி' என்ற ஒரு வார்த்தையே ஒப்பந்தமாகிவிடுகிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அடுத்த மாதமே, கல்வராயன்மலை மக்களின் சமூக, பொருளாதார நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, பிழைப்பு என்று அங்கே எழுந்த கேள்விகள் எல்லாம், மக்கள் ஏன் மலையை விட்டு இறங்குகிறார்கள் என்பதற்கும் பதில்கள்தான்.

உலகம் என்ன சொல்கிறது?

மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ், நிகராகுவா இரண்டும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். இரண்டுமே ஏழை நாடுகள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் இரண்டின் பொருளாதாரத்திலும் சுமார் கால் பங்கு. ஆனால், அமெரிக்காவில் வாழும் நிகராகுவா வம்சாவளியினரிடையே வறுமை விகிதம் ஹோண்டுராஸ்காரர்களைவிடக் குறைவு.

உழைப்பில் குறை இல்லை. காகிதத்தில்தான் வித்தியாசம். 1997-இல் அமெரிக்கா கொண்டுவந்த ஒரு சட்டம், 1995 டிசம்பர் 1-க்கு முன் வந்து தங்கியிருந்த நிகராகுவாக்காரர்கள் நிரந்தர வசிப்புரிமைக்கு, அதாவது கிரீன் கார்டுக்கு, விண்ணப்பிக்க வழி திறந்தது. ஹோண்டுராஸ்காரர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1998-இல் மிட்ச் புயல் இரண்டு நாடுகளையும் புரட்டிப்போட்டது. 1999-இல் இரு நாட்டவருக்கும் தற்காலிகப் பாதுகாப்பு கிடைத்தது. தற்காலிகம் தற்காலிகம்தான், 2025-இல் அதை ரத்து செய்வதாக அமெரிக்க அரசு அறிவித்தது.

நிகராகுவாவுக்குள்ளேயே இன்னொரு பிரிவு உண்டு. அமெரிக்கா போக வசதியில்லாதவர்கள் எல்லை தாண்டி கோஸ்டாரிகாவுக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் செய்யும் முக்கிய வேலைகளில் ஒன்று, காபிப் பழம் பறிப்பது. வெள்ளிமலையிலிருந்து குடகு போகும் குடும்பத்துக்கு அது பழக்கமான கதை.

ஒரு வித்தியாசம் மட்டும் உறுத்துகிறது. ஹோண்டுராஸ்காரருக்குக் காகிதம் மறுத்தது வேற்று நாடு. கல்வராயன்மலைக்காரர் சொந்த நாட்டுக்குள்ளேதான் போகிறார். அவருக்கு விசா தேவையில்லை. அப்படியிருந்தும், கடல் கடந்து போனவருக்கு இருக்கும் எழுத்துப்பூர்வ பாதுகாப்பு இவருக்கு இல்லை.

சட்டம் மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. 1979-இன் மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் மூலம் போனவர்களை மட்டுமே பார்த்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில், தாமாக வேலை தேடிப் போனவரும் புலம்பெயர் தொழிலாளிதான். மாத ஊதியம் 18,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஊருக்குப் போய்வர பயணப்படியும் உண்டு. ஆனால், வெளிமாநிலத் தொழிலாளர் 10 பேராவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அந்தப் பிரிவு பொருந்தும். இரண்டு மூன்று குடும்பங்களை வைத்துப் பறிப்பை முடிக்கும் சிறு தோட்டம் இதற்கு வெளியே நின்றுவிடலாம்.

கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

வெளிநாடு என்றால், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். விசிட் விசாவில் அழைத்தால் போகவே கூடாது. அந்த விசாவில் வேலைக்குப் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. மலையிலிருந்து நோட்டுக் கணக்கை நம்பிப் போனவரின் நிலைதான் அவருக்கும்.

வெளிமாநிலம் என்றால், கிளம்பும் முன் 'இ-ஷ்ரம்' பதிவு செய்துகொள்ளலாம். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்யும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்தால், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. முன்னுரிமைக் குடும்ப அட்டை இருந்தால் கர்நாடகத்திலும் கேரளத்திலும் அரிசி வாங்கலாம். சாப்பாட்டுக் கணக்கில் மேஸ்திரி பிடிக்கும் தொகை அந்த அளவுக்குக் குறையும். அட்வான்ஸ் எவ்வளவு, கிலோவுக்கு எவ்வளவு, தினம் எத்தனை கிலோ என்று பள்ளிக்குப் போன பிள்ளையை விட்டுத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் நல்லது. பாக்கியைக் காட்டி மடக்கினால், அங்குள்ள கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ புகார் செய்யலாம். கொத்தடிமை என்று உறுதியானால் விடுதலைச் சான்றிதழும், உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும் கிடைக்கும்.

இவை எல்லாம் தொழிலாளி செய்துகொள்ளக்கூடியவை. வெள்ளிமலையிலேயே பதிவு முகாம் நடத்தி, எந்தக் குடும்பம் எந்த மாவட்டத்துத் தோட்டத்துக்குப் போகிறது என்று எழுதி, அந்த மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்வது அரசு செய்ய வேண்டியது. விமானம் ஏறுபவரின் பெயர் எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்கிறது. பானையோடு பேருந்து ஏறும் குடும்பத்தின் பெயரும் அதுபோல் ஒன்றில் ஏற வேண்டும். அதற்கான நேரம் ஒவ்வொரு வருடமும் டிசம்பருக்கு முன்புதான்.