செவிவழி ஊருலா

ஓர் ஊரின் பழமையை அறிய விரும்புவோர் முன்னாளில் இரு வழிகளையே நாடினர். ஒன்று நூல், மற்றையது அவ்வூரை நன்கறிந்த பெரியவர். நூலைக் கையிலேந்தி நடப்பவரின் கண் தாளிலே தங்குமன்றித் தெருவிலே தங்காது. பெரியவரோ வேண்டும்பொழுதெல்லாம் வாய்ப்பதில்லை. இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்குவதற்கு வந்ததே செவிவழி ஊருலா. கண்ணைத் தெருவுக்கும் காதைக் கதைக்கும் கொடுத்துவிட்டுக் காலாற நடப்பதே அதன் முறை.

இம்முறையின் தொடக்கத்தில் வானொலிக்கும் ஒரு பங்குண்டு என்பது நேயர்களுக்கு மகிழ்வூட்டும் செய்தியாகும். 1952ஆம் ஆண்டிலே, அம்ஸ்ரடாம் நகரின் ஸ்ரெடெலிக் அரும்பொருட்சாலையில், பதிவுசெய்த விளக்கவுரையொன்று அக்கட்டடத்துக்குள் மாத்திரம் ஒலிபரப்பப்பட்டது. பார்வையாளர் சிறு வாங்கிக் கருவியொன்றைத் தாங்கிச் சென்று அதனைக் கேட்டனர். எல்லோரும் ஒரே வேளையில் ஒரே சொல்லைக் கேட்டமையால் எல்லோரும் ஒருங்கே நகர வேண்டியதாயிற்று. பின்னர் ஒலிநாடா வந்து அக்கட்டினை அவிழ்த்தது. இக்காலத்திலோ கைத்தொலைபேசி செய்மதிகளின் சமிக்ஞைகளைப் பெற்றுத் தான் நிற்கும் இடத்தைக் கணித்துக்கொள்கிறது. குறித்த எல்லைக்குள் நடப்பவர் கால் வைத்ததும் அவ்விடத்துக்குரிய உரை தானே ஒலிக்கத் தொடங்குகிறது. ஒடுங்கிய தெருக்களிலே இக்கணிப்புச் சில மீற்றர் பிசகுதலும் உண்டு. ஆதலின் இரு தரிப்பிடங்களை மிக நெருக்கமாக அமைத்தல் ஆகாது.

இத்தகைய உலாவுக்கு மிகப் பொருந்தும் சிற்றூர்களுள் ஒன்று ஸ்கொத்லாந்தின் ஃபைஃப் பகுதியிலே, போர்த் கழிமுகத்தின் வடகரையில் உள்ளது. அதன் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பவர் ‘கல்ரொஸ்’ என்பர். அவ்வூரவரோ ‘கூரஸ்’ என்றே வழங்குவர். நூல் தராத இவ்வுண்மையை வழிகாட்டும் குரல் தன் முதற் சொல்லிலேயே தந்துவிடுகிறது.

கரையோரமாக நடப்பவரின் கண்ணிற் படுவது, மஞ்சட் காவி பூசிய சுவர்களும் செந்நிற ஓடுகளும் கொண்ட பெருமனை. அதனை அரண்மனை என அழைப்பினும், அரசன் கட்டியதன்று. நிலக்கரியும் உப்பும் விற்றுப் பொருளீட்டிய சேர் ஜோர்ஜ் புரூஸ் என்னும் வணிகர் 1597ஆம் ஆண்டு தொடக்கம் கட்டுவித்த இல்லம் அது. கரியையும் உப்பையும் ஏற்றிச் சென்ற கப்பல்கள் ஒல்லாந்து முதலிய நாடுகளிலிருந்து திரும்புங்கால் ஓடுகளைக் கொணர்ந்தன. கூரையைச் சற்று நிமிர்ந்து நோக்குமாறு குரல் பணிக்குமாயின், நடப்பவர் அவ்வூரின் கடல் வாணிகத்தையே நோக்கியவராவர்.

எனினும் கண்ணுக்குப் புலப்படாதவற்றைக் காட்டும்போதே இம்முறையின் முழுப்பயனும் வெளிப்படுகிறது. புரூஸ் கரி அகழ்ந்த சுரங்கம் கடலின் அடியிலே சென்றது. அதன் ஒரு வாயில் கரையில் இருந்தது. மற்றொன்று கடலுக்குள் செயற்கையாக எழுப்பிய கற்றிட்டின் நடுவே திறந்தது. கப்பல்கள் அத்திட்டையடைந்து கரியை நேரே ஏற்றின. உள்ளே ஊறிய நீரை, வாளிகள் கோத்த சங்கிலியைக் குதிரைகளாற் சுழற்றி வெளியேற்றினர். 1617ஆம் ஆண்டிலே ஆறாம் ஜேம்ஸ் மன்னர் இவ்வூருக்கு வந்தார். சுரங்கத்தினூடு நடந்து வெளியேறியவர், தம்மைச் சூழக் கடலையே கண்டு, சதியெனக் கூவினார் என்பது வழிவழி வரும் கதை. 1625ஆம் ஆண்டிற் பெரும்புயலொன்று சுரங்கத்தை நீரால் நிரப்பிற்று. இன்று வற்றுப்பெருக்கு வேளையிலே அத்திட்டின் எச்சங்கள் மாத்திரம் தலைகாட்டுகின்றன. அறிவிப்புப் பலகை நாட்ட இயலாத அக்கடற்பரப்பில் குரலொன்றே வரலாற்றை நாட்டவல்லது.

கரியால் எழுந்த மாளிகை நிலைத்தது. கரியை அகழ்ந்தோரின் குடில்கள் நிலைக்கவில்லை. 1606ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, சுரங்கத் தொழிலாளரையும் உப்புக் காய்ச்சுவோரையும் எசமானரோடு பிணித்தது. எசமானரின் சான்றுக் கடிதமின்றி வேறெவரும் அவர்களை வேலைக்கு அமர்த்தலாகாது. அவ்வாறு நீங்கியவரை ஓராண்டும் ஒரு நாளும் கழியுமுன் மீட்டுக் கேட்கும் உரிமை பழைய எசமானருக்கு இருந்தது. 1775ஆம் ஆண்டுச் சட்டம் இப்பிணிப்பைத் தளர்த்திற்று. 1799ஆம் ஆண்டுச் சட்டமே முற்றாக அறுத்தது. மாளிகையின் வண்ணந்தீட்டிய மரக்கூரையை வியந்து நிற்பவருக்கு இதனைச் சொல்லாமல் விடும் வழிகாட்டி, ஊரின் ஒரு பாதியை மறைத்தவனாவான்.

கற்கள் பாவிய தெருவில் ஏறும்போது நடுவரி சற்றே உயர்ந்திருத்தலைக் கால் உணரும். மேன்மக்கள் அவ்வுயர்ந்த வரியிலும், ஏனையோர் கழிவுநீர் ஓடும் ஓரங்களிலும் நடந்தனர் என்பர். 1626ஆம் ஆண்டில் எழுந்த நகர மண்டபத்தின் மேன்மாடத்திலே, சூனியக்காரிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்கள் அடைத்து வைக்கப்பட்டனர். 1563ஆம் ஆண்டு தொடக்கம் 1736ஆம் ஆண்டு வரை நிலவிய சட்டத்தின் கீழ் ஸ்கொத்லாந்திலே ஏறத்தாழ 4,000 பேர் இவ்வாறு குற்றஞ்சாட்டப்பட்டனர். அவருட் பெரும்பாலார் பெண்கள். அநீதிக்குள்ளான அவர்களிடம், 2022ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், அப்போதைய முதலமைச்சர் நிக்கொலா ஸ்ரேர்ஜன் அம்மையார் முறைப்படி மன்னிப்புக் கோரினார். கோபுர மணிக்கூட்டை மாத்திரம் படம்பிடித்து நீங்கவிருந்தவரை, இச்செய்தி மேன்மாடத்துச் சாளரத்தை அண்ணாந்து நோக்கச் செய்யும்.

இத்தகைய உரைகளை ஆக்குவோர் கருத்திற்கொள்ள வேண்டியவை சில உள. ஒவ்வொரு தரிப்பிலும் உரை இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேற்படலாகாது. நிற்பவரின் கால் நோகும். எதனை நோக்கி நிற்பது, எப்பக்கம் திரும்புவது என்பதை முதலிற் கூறி, வரலாற்றைப் பின்னரே தொடங்க வேண்டும். தெருவைக் கடக்கும் இடத்திற் குரல் அடங்கியிருத்தல் வேண்டும். மன்னர் கூவிய கதையைக் கதையென்றும், சட்டம் பிறந்த ஆண்டைச் சான்றென்றும் பிரித்துக் கூற வேண்டும். காதில் விழும் சொல்லை நடுத்தெருவில் நின்று சரிபார்க்கும் வாய்ப்புக் கேட்பவருக்கு இல்லையன்றோ!

ஸ்கொத்லாந்துத் தேசிய நம்பிக்கைப் பொறுப்பு என்னும் நிறுவனம், தான் தோன்றிய மறு ஆண்டாகிய 1932இல், சிதைவுற்றிருந்த அம்மாளிகையை 700 பவுணுக்கு வாங்கிப் பேணலாயிற்று. அதனாற் சுவர் பிழைத்தது. சுவரில்லாதாரின் வரலாறு பிழைப்பதற்குச் சொல்வதற்கு ஒரு குரலும் கேட்பதற்கு ஒரு செவியும் வேண்டும்.