பொல்லாத பூவும் நல்ல எருவும்

குளம் நிறைய ஊதாப் பூக்களைக் கண்டதும் "ஆகா, என்ன அழகு!" என்று சொல்லாதவர் உண்டா? ஆகாயத் தாமரை என்று நாம் அழைக்கும் இந்தச் செடி, தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. விருந்துக்கு வந்தவர் வீட்டையே பிடித்துக்கொண்ட கதைதான். இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகப் பெருகி ஏரி குளங்களை மூடிவிடுகிறது.

இதை எருவாக்கலாம். பண்ணைக் கழிவுகளைக் குவித்து மக்க வைக்கும் முறை ஒன்றை, 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த ஆல்பர்ட் ஹோவர்ட் வகுத்தார். தாவர நூல் கற்ற அவர் மனைவி காப்ரியலும் ஆராய்ச்சியில் துணை நின்றார். அந்த முறை இதற்கும் பொருந்தும்.

செடியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அப்படியே குவித்தால் அழுகி நாறும். அண்டை வீட்டார் சண்டைக்கு வருவார்கள்! இரண்டு மூன்று நாள் வெயிலில் வாட்டி, நறுக்கி, வைக்கோல் ஓர் அடுக்கு, இது ஓர் அடுக்கு என்று 3 அடி உயரம் அடுக்கிச் சாணக் கரைசல் தெளிக்க வேண்டும். சில நாளில் உள்ளே கை வைத்தால் சுடும். அந்தச் சூட்டில்தான் விதை சாகிறது. ஆகையால், ஓரத்தில் இருப்பது நடுவே போகும்படி 15 நாளுக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். சுமார் மூன்று மாதத்தில், மண் வாசனையுடன் கறுத்த எரு தயார்.

ஆனால் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் ஏரியில் வளர்ந்த செடி, ஈயம், காட்மியம் போன்றவற்றை வேரில் இழுத்து வைத்திருக்கும். மக்கினாலும் அவை போகமாட்டா. அந்த எருவை மாடித் தோட்டத்துக் கீரைக்குப் போடாதீர்கள். மூட்டை விற்பவரிடம், எந்தக் குளத்துச் செடி என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டாரானால், அந்த எரு ரோஜாத் தொட்டியோடு நிற்கட்டும்.