சதுரங்கமும் கணிப்பொறியும்

பத்தாம் வகுப்பு மாணவி

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பர் நம் முன்னோர். கணிப்பொறித் திரையில் தோன்றும் விடையும் பல வேளைகளில் அத்தகையதே என்பதைச் சதுரங்கம் பயிலும் நாங்கள் பட்டறிந்து கொண்டோம்.

1997ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரில் 'டீப் புளூ' என்னும் கணிப்பொறி, உலகச் சாம்பியன் காரி காஸ்பரோவை ஆறு ஆட்டங்கள் கொண்ட போட்டியில் வென்றது. நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய வல்லது அது. இன்றோ அதனினும் வலிய சதுரங்க நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இப்படிப்பட்ட ஆசான் வீட்டிலேயே இருந்தும் நாம் எல்லோரும் ஏன் வல்லவர்கள் ஆகவில்லை?

எங்கள் அனுபவத்தையே கூறுகிறோம். சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியின் கடைசி ஆட்டம். எங்கள் தோழியிடம் ராஜாவும் யானையும் எஞ்சியிருந்தன. எதிரில் இருந்தவளிடம் அவற்றோடு ஒரு சிப்பாயும் இருந்தது. ஆட்டம் சமனில் முடிந்தால் கோப்பை எங்களுக்கே! ஆனால் தோழி தோற்றாள்.

அன்று மாலையே அந்த ஆட்டத்தைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தோம். '0.00' என்று காட்டியது. சமன் செய்திருக்கலாம் என்பது அதன் பொருள். யானையை எந்தக் கட்டத்தில் வைத்திருக்க வேண்டும் என்றும் காட்டியது. அதைக் குறித்துக்கொண்டு, "இனித் தவற மாட்டோம்" என்று மகிழ்ந்தோம்.

மூன்று வாரம் கழித்துப் பயிற்சி ஆட்டமொன்றில் அதே போன்ற நிலை வந்தது. இம்முறை எதிரியின் சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறியிருந்தது. தோழியோ மனப்பாடம் செய்த அதே இடத்தில் யானையை நிறுத்திக் காத்திருந்தாள். மறுபடியும் தோல்வி!

இதைக் கேட்ட எங்கள் சிஸ்டர், "அது சரி பிள்ளைகளே, யானையை ஏன் அங்கே வைக்க வேண்டும்?" என்று வினவினார்கள். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பிறகு 1777ஆம் ஆண்டிலேயே பிலிடோர் என்ற பிரெஞ்சு வீரர் விளக்கிய முறையைப் பலகையில் வைத்துக் காட்டினார்கள்.

நம் ராஜா, எதிரியின் சிப்பாய்க்கு முன்னால் நிற்க வேண்டும். நம் பக்கத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாம் வரிசையில் யானையை நிறுத்தினால், எதிரியின் ராஜா அந்த வரிசைக்குள் நுழைய முடியாது. சிப்பாய் அந்த வரிசைக்கு ஏறியதும், யானை உடனே பலகையின் எதிர்க்கோடிக்குச் சென்று பின்னாலிருந்து 'செக்' வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிப்பாய் முன்னே போய்விட்டதால் எதிரியின் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. இதுவே காரணம்.

பலகையில் ஏழு காய்கள் வரை உள்ள நிலைகளின் முடிவுகளைக் கணிப்பொறிகள் கணக்கிட்டு முடித்துவிட்டன. எங்கள் தோழியின் ஆட்டத்தில் இருந்தவை ஐந்தே காய்கள். ஆயினும் அந்த '0.00' எங்களைக் காப்பாற்றவில்லை. அது முடிவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. எளிதில் கிட்டும் சமனுக்கும், கயிற்றின்மேல் நடப்பது போன்ற சமனுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

2024 டிசம்பரில் தம் 18ஆம் வயதில் உலகச் சாம்பியனான சென்னையைச் சேர்ந்த குகேஷ், தொடக்கக் காலத்தில் கணிப்பொறியின் துணையின்றியே பயிற்றுவிக்கப்பட்டார். தாமே சிந்திக்கும் பழக்கம் ஊன்றிய பின்னரே அதைக் கையில் எடுத்தார்.

எனவே கணிப்பொறியை வெறுத்து ஒதுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நம் கண்ணுக்குத் தப்பிய பிழையை அது நொடியில் காட்டும். ஆனால் ஆட்டம் முடிந்ததும் முதலில் நாமே நம் எண்ணங்களை எழுதி வைப்போம். அடுத்து, எதிரில் ஆடியவரோடு அமர்ந்து பேசுவோம். கடைசியாகக் கணிப்பொறியைக் கேட்போம். அது சொல்லும் விடைக்குக் காரணம் புரியும் வரை பலகையை விட்டு எழாதிருப்போம்.

கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடைகள் உள்ளன. அவற்றைப் பார்த்து எழுதி எவரும் கணக்குக் கற்றதில்லை அல்லவா?

இவ்வாண்டும் கோப்பை எங்களுக்குக் கிட்டவில்லை. ஆயினும், "யானையை ஏன் அங்கே வைத்தாய்?" என்று இப்போது கேட்டால் எங்களால் விடை சொல்ல முடியும்.