டயட்டை விட்டால் எதையெல்லாம் விட வேண்டியிருக்கும்?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், சோறு பரிமாற வருபவரிடம் இலைக்கு மேல் கையை நீட்டி, “எனக்கு வேண்டாமுங்க, டயட்டுல இருக்கறனுங்க” என்று சொல்பவர் ஒருவராவது இருப்பார். பத்தாண்டுகளுக்கு முன் முகநூல் குழுக்கள் வழியாகப் பேலியோ பரவியபோது, காலை இட்லியின் இடத்தை நூறு பாதாம் பிடித்துக்கொண்டது. பிறகு கீட்டோ, பதினாறு மணி நேர விரதம், செல்போன் செயலியில் கலோரிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

இவற்றால் எடை குறைவதே இல்லை என்று சொல்ல முடியாது. குறைந்த எடை தங்குவதில்லை என்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் நடந்த 29 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குறைத்த எடையில் பாதிக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் திரும்பி வந்திருந்தது. ஐந்தாம் ஆண்டு முடிவில் 80 சதவீதத்துக்கு மேல் திரும்பியிருந்தது.

இப்படி ஏறி இறங்கி அலுத்துப்போனவர்களில் சிலர் டயட்டையே விட்டுவிட்டு, பசியறிந்து சாப்பிடும் முறைக்கு வருகிறார்கள். இனிமேல் எதையும் விட வேண்டியதில்லை என்று அவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் விட வேண்டியவை நிறையவே இருக்கின்றன. சிலவற்றை விடும்போது நிம்மதி வரும். சிலவற்றை விடும்போது மனம் வலிக்கும். அந்த வலியை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவர்கள்தாம் இந்த வழியில் நிலைத்து நிற்க முடியும்.

உடல் ஏன் எதிர்க்கிறது?

1944-45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை வைத்துப் பட்டினி ஆய்வு ஒன்றை நடத்தினார். ஆறு மாத காலம் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி மட்டுமே கிடைத்தது. உடல் எடையில் கால்வாசி கரைந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் மனதில் நடந்தது. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். நினைவெல்லாம் சாப்பாடாகவே இருந்தது. கட்டுப்பாடு நீங்கிய பிறகு வயிறு முட்டச் சாப்பிட்டும் பலருக்குப் பசி அடங்கவில்லை. இன்று நம் வாட்ஸ்அப்பில் 1,200 கலோரி அட்டவணைகள் சர்வசாதாரணமாகக் கைமாறுகின்றன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

2011இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இதற்கான காரணத்தைக் காட்டியது. உடல் பருமன் உள்ள 50 பேர் பத்து வாரக் கடும் டயட்டில் எடை குறைத்தார்கள். ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும், பசியைத் தூண்டும் கிரெலின் கூடுதலாகவும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறைவாகவும் இருந்தன. பட்டினிக் காலம் வந்துவிட்டது என்று உடல் எடுத்துக்கொண்டு, இழந்ததை மீட்கப் போராடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு பிரிட்ஜைத் திறந்துகொண்டு நிற்பவரை மனவுறுதி இல்லாதவர் என்று பழிப்பது அநியாயம்.

பசியறிந்து சாப்பிடுவது எப்படி?

1995இல் ஈவ்லின் டிரிபோலி, எலிஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவியல் நிபுணர்கள் இந்த முறையைப் பத்துக் கொள்கைகளாகத் தொகுத்துப் புத்தகமாக எழுதினார்கள். சாரம் எளிதுதான். பசித்தால் சாப்பிடுங்கள், நிறைந்தால் நிறுத்துங்கள். எந்த உணவையும் பகையாக நினைக்காதீர்கள். கவலை, கோபம், அலுப்புக்குச் சாப்பாட்டை மருந்தாக்காதீர்கள். உடம்பை மதித்து, அதற்கு நல்லது செய்வதையும் நாவுக்குப் பிடித்ததையும் தேர்ந்தெடுங்கள்.

இப்படிச் சாப்பிடுபவர்களிடம் அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிடும் பழக்கமும், தன் உடம்பின் மீதான வெறுப்பும் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எடை குறையும் என்ற வாக்குறுதி மட்டும் இதில் கிடையாது. சிலருக்குக் குறையலாம், சிலருக்குக் கூடலாம், பலருக்கு ஓரிடத்தில் நிற்கலாம். இதை மறைத்து, எடை குறைக்கும் புதிய வழி என்று யாராவது விற்றால் அது இன்னொரு டயட் என்று புரிந்துகொள்ளுங்கள்.

திங்கட்கிழமையை விட வேண்டும்

டயட்டெல்லாம் ‘வர்ற திங்கட்கிழமையிலிருந்து’தான் ஆரம்பிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை கடைசி வாய்ப்பாகிவிடுகிறது. மத்தியானம் கறிக்குழம்பும் பள்ளிபாளையம் சிக்கனும், சாயங்காலம் பேக்கரியில் தேங்காய் பன், ராத்திரி தள்ளுவண்டிக் காளான் என்று வயிறு கேட்காததையெல்லாம் உள்ளே தள்ளுகிறோம். நாளைக்குக் கிடைக்காது என்ற பயமே இன்றைக்கு அளவை மீற வைக்கிறது. நாளைக்கும் உண்டு என்று மனம் நம்பத் தொடங்கினால் அவசரம் அடங்கும். ஆனால் புதிதாகத் தொடங்கும் அந்தத் திங்கட்கிழமை தரும் உற்சாகத்தையும் சேர்த்தே விட வேண்டியிருக்கும்.

பாவம், பரிகாரம்

ஓர் ஒப்பிட்டு (போளி) சாப்பிட்டுவிட்டு, “இன்னிக்குத் தப்புப் பண்ணிட்டேன்” என்று சொல்லி, மறுநாள் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒப்பிட்டும் கொள்ளும் சத்தில் ஒன்றல்ல. அந்த அறிவு வேண்டும். குற்றவுணர்ச்சி மட்டும் வேண்டாம். அதுதான் ஒன்றைப் பத்தாக்குகிறது. ‘எப்படியும் கெட்டுப்போச்சு, இன்னும் ரெண்டு சாப்பிட்டால் என்ன?’ என்ற எண்ணம் டயட்டில் இருப்பவர்களிடம் மிகுதி என்று உளவியல் ஆய்வுகள் 1970களிலிருந்தே காட்டி வருகின்றன.

அளவு சொல்ல உடலுக்குத் தெரியும். அரிசிம்பருப்புச் சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். குக்கரைத் திறந்ததும் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் சேர்ந்து மணக்கும். மேலே ஒரு கரண்டி நெய் ஊற்றிப் பிசைந்து வாயில் வைக்கும் முதல் உருண்டைக்கு இருக்கும் ருசி, பத்தாவது உருண்டைக்கு இருக்காது. ஒரே உணவைச் சாப்பிடச் சாப்பிட அதன் ருசி குறைந்துகொண்டே வருவது உடலின் ஏற்பாடு. செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவருக்கு அது தெரியாமல் போகிறது.

தட்டைக் காலி செய்யும் கட்டாயம்

மழையை நம்பிக் கம்பும் சோளமும் விளைவித்த பூமி இது. சோற்றை வீணாக்குவது பாவம் என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். அது நல்ல பண்பு. ஆனால் பிள்ளை மிச்சம் வைத்த தோசையெல்லாம் அம்மாவின் வயிற்றுக்குப் போக வேண்டும் என்பது அந்தப் பண்பின் தவறான பயன்பாடு. முதலிலேயே குறைவாகப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றால் மறுபடி வாங்கிக்கொள்வதே சரி.

விருந்தில் மறுப்பது இன்னும் கடினம். “இன்னொரு இட்லி வெச்சுக்க கண்ணு, என்னத்தச் சாப்ட்டே?” என்று அம்முச்சி எடுத்து வைக்கும்போது டயட் என்று சொன்னால் வாதம் வரும். “நெறஞ்சிருச்சுங்க அம்முச்சி, ரொம்ப நல்லா இருந்துச்சுங்க, சித்த நேரம் கழிச்சு வாங்கிக்கறேன்” என்று சொன்னால் அவருக்கும் மனக்குறை இருக்காது.

பாராட்டும் பழைய ரவிக்கையும்

மனம் வலிப்பது இங்கேதான். எடை குறைந்த நாள்களில் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து, “எளச்சு அழகாயிட்டியே அம்மிணி, என்ன பண்றே?” என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வி இனி வராது. “கொஞ்சம் பூசுன மாதிரி ஆயிட்டீங்களே” என்ற பேச்சு வரலாம். டயட் வாட்ஸ்அப் குழுவில் கிடைத்த தோழமையும் விலகும். காலையில் எடைக் கருவி காட்டிய எண்ணை வைத்து அந்த நாளை நல்ல நாள், கெட்ட நாள் என்று பிரித்துப் பழகியவருக்கு, அது இல்லாத காலை வெறுமையாக இருக்கும்.

பீரோவின் அடித்தட்டில் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இருக்கும். என்றாவது மறுபடி போடலாம் என்று வைத்திருப்போம். இரண்டு பிரசவமும் இருபது வருட உழைப்பும் கண்ட உடம்பு அதற்குள் நுழையாது என்று ஒப்புக்கொள்வது ஓர் இழப்புதான். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். பிறகு இன்றைய அளவுக்கு ஒரு நல்ல ரவிக்கை தைத்துக்கொள்ளுங்கள். இறுக்காத உடையில்தான் பசியும் நிறைவும் சரியாகத் தெரியும்.

எவற்றை விடவே கூடாது?

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினருக்கு எடை கூடுதல். அதே வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. எடை கூடியிருப்பதாலேயே உடலில் சத்து நிறைந்திருக்கிறது என்று பொருளில்லை. கண்டபடி உணவைக் குறைக்கும் டயட் இருக்கிற இரும்புச் சத்தையும் பறித்துவிடும்.

ஆகவே டயட்டை விடுங்கள், ஊர்ச் சாப்பாட்டை விடாதீர்கள். நூறு கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. நூறு கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம். நூறு கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு, கொழுப்பைக் கரைக்கும் மருந்தாக வெறும் வயிற்றில் கொள்ளுத் தண்ணீரை மடக்கென்று விழுங்குகிறோம். கொள்ளுப் பருப்பைக் கடைந்து சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டவர்களுக்கு அது சாப்பாடு. ருசித்துச் சாப்பிட்டதுதான் பழக்கமாக நிலைக்கும்.

நடைப்பயிற்சியையும் விடாதீர்கள். எடை குறையாவிட்டாலும் நடப்பதால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்படும், தூக்கம் கூடும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழகத்தில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் பசிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். சர்க்கரை மிகுந்திருந்தால் பொய்யாகவும் பசிக்கும். சிறுநீரக நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சொன்ன உணவுமுறையைத் தாங்களாக மாற்றக் கூடாது.

திருக்குறளில் ‘மருந்து’ என்ற 95ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி பசித்து, அளவறிந்து உண்பதைச் சொல்கிறது. அதே அதிகாரம் நோயின் காரணத்தை ஆராய்வதையும் மருத்துவனையும் சொல்லித்தான் முடிகிறது. இரண்டும் சேர்ந்ததே உடல்நலம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டச்சத்துக் கல்விக்காக வாழ்ந்து 1992இல் பத்மஸ்ரீ பெற்ற ராஜம்மாள் தேவதாஸ் வளர்த்தெடுத்த அவினாசிலிங்கம் நிறுவனம், 1957இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கியது கோவையில்தான். படித்த உணவியல் நிபுணர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. வாட்ஸ்அப் அட்டவணையை விட்டுவிட்டு அவர்களிடம் கேளுங்கள்.

ஒளிந்து அள்ளிச் சாப்பிடுவது, சாப்பிட்டதும் வாந்தி எடுக்க வைப்பது, சாப்பாட்டை நினைத்தாலே பயம் வருவது ஆகியவை இருந்தால் அது மனநலச் சிகிச்சை தேவைப்படும் நோய். வெட்கப்பட வேண்டியதில்லை. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

பல ஆண்டுகள் டயட்டில் இருந்தவர்களுக்குப் பசியே சரியாகத் தெரியாது. முதல் சில வாரங்கள் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பசி தானாகத் திரும்பும். ஒரு வேளையாவது டிவி, செல்போன் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாதிச் சாப்பாட்டில் நிறுத்தி, இன்னும் பசிக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எடைக் கருவியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். நலத்தை அளக்க ரத்த சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தூக்கம், படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்பவை போதும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த கல்யாணத்தில் சொந்தக்காரப் பெண்ணைப் பார்த்ததும் இளைத்ததையும் பெருத்ததையும் பேசாதீர்கள். “நல்லா இருக்கியா கண்ணு, சாப்ட்டியா?” என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் டயட்டின் பிடியிலிருந்து வெளியே வர, சுற்றியிருப்பவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான்.