துரையின் காடியும் மைலோ டின் போல்ட்டும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். மாலை நேரம். செம்மண் ரோட்டில் புழுதி பறக்க, கூரையை மடக்கிவிட்டு, இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்னக் காடியில் சின்னத்துரை கிளப்புக்குப் போவார். லயத்துப் பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் காடியைக் கழுவியதும், சேற்றில் மாட்டிக்கொண்டால் தள்ளியதும் நம் ஆட்கள்தாம்.

அந்தக் காடிகள் இப்போது எங்கே? பல பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. ஆனால் அறுபது எழுபது வயதான காடிகள் இன்னமும் பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கின்றன. எப்படி ஓடுகின்றன என்பதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். 'வெள்ளைக்காரன் காடி நமக்கு எதுக்கு?' என்று தாளைத் திருப்பிவிடாதீர்கள். இதில் நம் கதையும் இருக்கிறது.

தலை வெள்ளைக்காரன், மரை பிரெஞ்சுக்காரன்

பேராக்கில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருந்தோம். தோட்டப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பதினைந்து வயதில் பட்டறைக்குப் போனபோது, அங்கே துரையின் எம்.ஜி. காடி நின்றதாம். எம்.ஜி. என்றதும் மக்கள் திலகம் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. இது 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம்.

"இஞ்சின் போல்ட் ஒண்ணு தொலைஞ்சு போச்சு தம்பி. அதே ஸ்பேனருக்குப் பொருந்துற போல்ட்டா பார்த்து டவுன்ல வாங்கியாந்து முறுக்கினேன். மரை அப்படியே பிச்சுக்கிட்டு வந்திருச்சு. ஏச்சும் கெடைச்சுது, ஒரு நாள் சம்பளமும் போச்சு" என்றார்.

பையன் மீது என்ன குற்றம்? கதை இங்கிலாந்தில் இருக்கிறது. 1923-ல் மோரிஸ் கம்பெனி, கவென்ட்ரி நகரில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் இஞ்சின் தொழிற்சாலையை வாங்கியது. அங்கிருந்த இயந்திரங்கள் மில்லிமீட்டர் கணக்கில் மரை வெட்டுபவை. அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஆனால் ஆங்கிலேய மெக்கானிக் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே போல்ட்டின் தலையை விட்வொர்த் அளவுக்கும், மரையை பிரெஞ்சு அளவுக்கும் செய்தார்கள். 1955 வரை வந்த 'டி' ரக எம்.ஜி. காடிகளின் இஞ்சின் இப்படித்தான். சேஸியில் உள்ள போல்ட்டுகளுக்கோ மரையும் ஆங்கில மரை!

"தலை வெள்ளைக்காரன், மரை பிரெஞ்சுக்காரன்" என்று சிரிக்கிறார் பெரியவர். அன்று முதல் கழற்றிய போல்ட் ஒன்றைக்கூட அவர் வீசியதில்லை. மைலோ டின்னில் போட்டு, எண்ணெய் ஊற்றி வைத்தார்.

விருந்து முடிந்ததும் வேலை போச்சு

எம்.ஜி. காடிகளைச் செய்த இடம் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற சிற்றூர். 1929-ல் தொழிற்சாலை அங்கே வந்தது. 1962-ல் தொடங்கிய எம்.ஜி.பி. ரகம் மட்டுமே ஐந்து லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. தகப்பனுக்குப் பின் மகன் என்று வேலை செய்த ஊர் அது.

1979 செப்டம்பரில் ஐம்பதாண்டு விழாவைக் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் ஓய்ந்த கையோடு, 10-ஆம் தேதி திங்கட்கிழமை, தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. தொழிலாளர்கள் கொதித்தார்கள். காடி வைத்திருந்தவர்களும் அவர்களோடு சேர்ந்து எதிர்ப்புக் காட்டினார்கள். பயனில்லை. 1980 அக்டோபரில் கதவு மூடப்பட்டது.

தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, வீடமைப்புத் திட்டம் எழும்பியதைக் கண்ட நமக்கு இந்தச் செய்தி புதிதல்ல. பாஷை வேறு, வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.

செத்த காடியில் உயிர்க் காடி

தொழிற்சாலை போனபின் காடி பிழைத்தது கைமாறிய சாமான்களால். ஒரு காடி முழுக்கத் துருப்பிடித்துச் செத்தால், அதன் கியர்ப்பெட்டி ஒன்றுக்கும், கதவு இன்னொன்றுக்கும், விளக்கு வேறொன்றுக்கும் போகும். கொடுப்பதிலும் முறை உண்டு. எஸ்.யூ. கார்புரேட்டரில் பிஸ்டனும் அதன் மேல்மூடியும் ஜோடியாகப் பொருத்திச் செய்தவை. ஒன்றின் மூடியை இன்னொன்றில் போட்டால் பிஸ்டன் சிக்கும். ஆகவே கைமாற்றும்போது ஜோடியைப் பிரிக்கக் கூடாது.

எம்.ஜி.பி.யின் எமன் துரு. கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பெட்டி போன்ற பகுதிதான் காடிக்கு முதுகெலும்பு. அங்கே துரு தின்றுவிட்டால், அவசரப்பட்டு வெட்டக் கூடாது. முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து ஒட்டி, உடம்பை அசையாமல் நிறுத்த வேண்டும். மறந்தால் காடி நடுவில் தொய்ந்து, பிறகு கதவே சாத்தாது. பழைய டி.சி. ரகத்திலோ இரும்புத் தகட்டுக்கு உள்ளே ஆஷ் மரச் சட்டம். அங்கே வெல்டரோடு தச்சரும் வேண்டும்.

நமக்குத் தெரிந்த சங்கதி ஒன்று: ரப்பர். இஞ்சினைத் தாங்கும் கட்டை, சக்கரக் கைகளுக்கு இடையில் உள்ள புஷ், கண்ணாடியைச் சுற்றிய பட்டை எல்லாம் ரப்பர். நம் அப்பன் பாட்டன் வெட்டிய பாலும் அதில் கலந்திருக்கும். 'முப்பது வருஷமாகப் பிரிக்காத புதுச் சாமான்' என்று யாராவது விற்றால் இரும்பை நம்பலாம், ரப்பரை நம்பக் கூடாது. பெட்டிக்குள் இருந்தாலும் அது காய்ந்து வெடிக்கும்.

இதைவிடப் பெரிய காரியமும் நடந்தது. எம்.ஜி.பி.யின் உடம்பை அடித்த பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, 1988-ல் ஃபேரிங்டன் என்ற ஊரில் முழு உடம்பையே மறுபடி செய்தார்கள். 1975-ல் ஏற்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனத்தின் வேலை அது. அந்த உடம்பை வைத்தே 1992-ல் ஆர்.வி.8 என்ற புது எம்.ஜி. பிறந்தது. அச்சை அன்றே உருக்கியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

டின் கைமாறியது

நம் பெரியவரின் தோட்டம் மூடப்பட்டபோது பட்டறைச் சாமான்களை இரும்புக்காரன் எடைக்கு அள்ளிப் போனான். லயத்தை விட்டு வரும்போது பெரியவர் கையில் மிஞ்சியது அந்த ஒரு டின். "குப்பையை எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?" என்று வீட்டில் சண்டை.

சில மாதங்களுக்கு முன், பழைய எம்.ஜி. ஒன்றைச் சீர்செய்யும் ஒருவர் ஈப்போவிலிருந்து தேடிக்கொண்டு வந்தார். தரையில் பழைய பேப்பரை விரித்து டின்னைக் கவிழ்த்தார்கள். வேண்டிய போல்ட்டுகள் ஏழு கிடைத்தன. வந்தவர் பணத்தை எடுத்தார்.

"காசு வேணாங்க. எம் பேரன் வேலை இல்லாம இருக்கான். சனி ஞாயிறுல உங்க பட்டறைக்கு அனுப்புறேன். கூட வச்சுக் கத்துக்குடுங்க" என்றார் பெரியவர்.

பையன் இப்போது போய்வருகிறான். மரை அளக்கத் தெரிந்துகொண்டான். முதல் நாளே தாத்தாவின் டின்னை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளவை எழுதி ஒட்டினானாம்.

ஆபிங்டனில் காடி பிழைத்தது. தொழிலாளியின் வேலை பிழைக்கவில்லை. அதை நாம் மறக்கவில்லை. வேலைக்குப் போராடுவது சங்கத்தின் கடமை. ஆனால் கைத்தொழிலைக் காப்பது வீட்டிலேயே தொடங்க வேண்டும். உங்கள் வீட்டில் பழைய ஃபிட்டரோ, தச்சரோ, இஞ்சின் டிரைவரோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். டின்னை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.