பெரிய சோலார் பார்க்கில் மட்டும் கரன்ட் எப்படி மலிவாகிறது?

ராஜஸ்தானின் பட்லா சோலார் பார்க்குக்கு 2017 மே மாதம் நடந்த ஏலத்தில், ஒரு யூனிட் விலை ரூ.2.44 வரை இறங்கியது. நம்ம மொட்டை மாடியில் 3 கிலோவாட் பேனல் போட்டால் அந்த விலைக்குக் கட்டுப்படியாகுமா? கஷ்டம்தான்.

காரணம், பேனலைத் தாண்டிய செலவுகள். இடத்தைப் பார்வையிடுவது, டிசைன், அனுமதி, ஃபிட்டிங் கூலி எல்லாம் சின்னத் திட்டத்துக்கும் உண்டு. அதைப் பங்கு போட 3 கிலோவாட்தான் இருக்கிறது. பார்க்கில் பல லட்சம் கிலோவாட். மொத்தமாக வாங்குவதால் பேனலும் அங்கே மலிவு.

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டக் கணக்கே இதைச் சொல்கிறது: முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ரூ.50,000; மூன்றாவதுக்கு ரூ.45,000.

காற்றாலையில் இறக்கையின் நீளம் இரண்டு மடங்கானால், அது சுழலும் பரப்பு நான்கு மடங்காகும். கோபுரம் உயர உயர காற்றும் பொதுவாக வேகமெடுக்கும். அதனால் குறைந்த எண்ணிக்கையிலேயே நிறைய கரன்ட்.

அப்போ மாடி சோலார் வேஸ்ட்டா? இல்லை. ரூ.2.44 என்பது மின்வாரியங்களுக்கு விற்கும் விலை. மின்பாதைச் செலவு, வழியில் ஏற்படும் இழப்பு எல்லாம் சேர்ந்துதான் நம்ம பில் வருகிறது. எனவே மாடி சோலாரை பட்லாவோடு ஒப்பிடாதீங்க. உங்கள் பில்லில் கடைசி யூனிட்டுக்கு என்ன ரேட் என்று பாருங்க.

அபார்ட்மென்ட்டா? சேர்ந்து போடுங்க. பொதுப் பயன்பாட்டுக்கு சங்கங்களுக்கும் கிலோவாட்டுக்கு ரூ.18,000 மானியம் உண்டு, 500 கிலோவாட் வரை.